தேவ சித்தமும் இடமாற்ற உத்தரவும்

வேற்றூரில் வாழும் நம்மவர் இல்லங்களில் நாள்தோறும் எழும் பிரார்த்தனைகளுள் ஒன்று இடமாற்றத்தைப் பற்றியது. எந்தத் தெய்வத்தை வணங்குவோராயினும், ஊர்ப்பக்கம் ஒரு மாற்றல் கிடைக்க வேண்டும் என்று வேண்டாதவர் நம்முள் அரியர். இரயில்வே குமாஸ்தாவாகிய நானும் அவ்வாறு வேண்டியவனே. திருநெல்வேலிச் சீமையில் தாயார் கண்பார்வை மங்கித் தனியே இருக்க, நான் இங்கே கோப்புகளின் நடுவே ஒன்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டேன். இரவு ஜெபத்தின் முடிவில், தேவ சித்தத்தை எனக்குக் காட்டியருள வேண்டும் என்று தவறாமல் சேர்த்துக்கொள்வேன். உண்மையில் நான் வேண்டியதோ, என் சித்தத்திற்கு ஆண்டவருடைய கையொப்பம்!

மாற்றல் வேண்டுவது குற்றமா? அன்று. இயேசுநாதர் சிலுவைப் பாடுகளுக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் மும்முறை ஜெபித்தார். துன்பமாகிய பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்ற விருப்பத்தை அவர் மறைத்தாரில்லை. பிதாவிடம் வாய்விட்டுச் சொன்னார். சொன்னபின் முடிவைப் பிதாவின் கையில் ஒப்படைத்தார். நம்மில் பலர் முற்பாதியைச் செய்துவிட்டுப் பிற்பாதியை மறந்துவிடுகிறோம்.

இதனை எனக்கு விளங்க வைத்தது ஒரு தமிழரின் வாழ்க்கை. காசிப்பேட்டையிலிருந்து விஜயவாடா செல்லும் இருப்புப்பாதையில் தோர்ணக்கல் என்றொரு சந்திப்பு நிலையம் உண்டு. அவ்வழியே ஊருக்குப் போய்வரும் அன்பர்கள் அதன் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பார்கள். இன்று தெலங்கானா மாநிலத்தைச் சேர்ந்த அவ்வூர், அக்காலத்தில் நிஜாம் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே போய்க் குடியேறியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

அவர் 1874-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகத் தென்னாட்டில் பல இடங்களுக்கும் சென்று ஊழியம் செய்தார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே பொருள் சேர்த்துப் பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். நம் திருநெல்வேலித் திருச்சபைக்கு அப்படியொரு முயற்சி இல்லையே என்ற ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. நண்பர்களோடு கூடி ஜெபித்தும் ஆலோசித்தும் உழைத்ததன் பயனாக, 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றியது. அச்சங்கம் தெரிந்தெடுத்த ஊழியக்களமே தோர்ணக்கல்.

அசரியா இளைஞர்களை நோக்கி, புறப்படுங்கள் என்று அழைத்துவந்தார். நாளடைவில் ஒரு கேள்வி அவரையே நோக்கித் திரும்பியது: பிறரைப் போகச் சொல்லும் நான் ஏன் போகவில்லை? 1909-இல், முப்பத்தைந்து வயதை எட்டும் நிலையில், செயலாளர் பதவியை விட்டுக் குருப்பட்டம் பெற்று, குடும்பத்துடன் தோர்ணக்கல் சென்றார். அந்த வயதில் தெலுங்கைக் கற்றார். மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் சிற்றூர்களைச் சுற்றி, ஏழைகளிலும் ஏழையரான தாழ்த்தப்பட்ட மக்களிடையே உழைத்தார். துணைவியார் அன்பு மரியம்மாளும் அவ்வுழைப்பில் பங்குகொண்டார்.

1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர் அவரே. அதன் பின்னும் அச்சிற்றூரை விட்டு அவர் நீங்கவில்லை. இந்தியச் சிற்ப முறையில் அங்கு எழுந்த பேராலயம் 1939-இல் பிரதிஷ்டையாயிற்று. 1945 ஜனவரி முதல் நாள் மறையும்வரை தோர்ணக்கல்லே அவருடைய ஊர்.

இவ்வரலாற்றை நான் பலமுறை சிந்தித்ததுண்டு. வானத்திலிருந்து குரல் கேட்டு அவர் புறப்படவில்லை. கண்ணில் பட்ட குறைக்காக வெட்கப்பட்டார். நல்லோருடன் கலந்து ஜெபித்தார். தெரிந்த கடமையைச் செய்தார். அதற்குள்ளிருந்தே அடுத்த அடி தெளிவாயிற்று. தேவ சித்தம் முழுப் பிரயாணத்திற்கும் முன்கூட்டியே தரப்படும் கால அட்டவணையன்று. ஒரு நிலையத்தை அடைந்தபின் அடுத்த நிலையத்திற்கு விழும் கைகாட்டி போன்றது அது. அடைந்த நிலையத்தில் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல், கைகாட்டி விழவில்லையே என்று முறையிட்டுப் பயன் என்ன?

என் நிலையத்தில் நான் செய்யாத வேலைகள் இரண்டு இருந்தன. தாயாரைக் காணவே மாற்றல் கேட்டவன், அவரை இங்கு அழைத்துவர ஒருமுறையேனும் முயன்றதில்லை. இரண்டு அறைக் குடியிருப்பு போதாது என்று சாக்குச் சொல்லிவந்தேன். ஒன்பது ஆண்டுகளாகியும் அண்டை வீட்டாரின் மொழியை அலுவலகத் தேவைக்கு மேல் கற்றேனுமில்லை. இது என் ஊரன்று என்ற எண்ணமே காரணம்.

சென்ற கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு ஊர் சென்றவன், திரும்புகையில் தாயாரையும் அழைத்து வந்தேன். இடம் குறுகியதுதான், மனம் சற்று அகன்றிருக்கிறது. மாலை வேளையில் அண்டை வீட்டு அம்மையார் வந்து தாயாரின் கையைப் பிடித்து முற்றத்தில் நடத்துகிறார். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காமையால், நான் இடையே நின்று மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. அதற்காகவே என் மகளின் பாடப்புத்தகத்தைக் கொண்டு இவ்வூர் எழுத்துகளைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

மாற்றல் விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதனை நான் திரும்பப் பெறவுமில்லை. ஜெபத்தில் அதை நினைப்பதை நிறுத்தவுமில்லை. ஆனால் இப்போது ஜெபம் முடிந்து எழும்போது, மறுநாள் செய்ய வேண்டியது இன்னதென்று தெரிகிறது.