காதால் பார்க்கும் வேலை

சிலாவத்துறைக் கரையில் விடியற்காலையில் நின்றவர்களுக்கு இது தெரியும். இருட்டில் படகு கண்ணுக்குப் படாது. எஞ்சின் சத்தம்தான் முதலில் வரும். "அது எங்கட படகு இல்ல மிஸ். எங்கட எஞ்சின் இருமி இருமித்தான் வரும்" என்றார் என் பக்கத்தில் நின்ற ராத்தா. சற்று நேரத்தில் இருமிக்கொண்டே ஒரு படகு கரைக்கு வந்தது. அது அவருடையதுதான்.

அந்த இருமல் எதனால் என்று கேட்டேன். "அதெல்லாம் ஆம்புளைங்கட வேலை" என்று பேச்சை முடித்துவிட்டார்.

அன்பான சகோதரிகளே, இந்த மாதம் நான் காபரேற்றரைப் பற்றி எழுதப் போகிறேன். கோழி வளர்ப்பும் தையலும் எழுதிவந்த பக்கத்தில் இது என்ன என்று சிரிக்காதீர்கள். அந்த ராத்தாவின் கணவர் இன்று இல்லை. படகும் எஞ்சினும் அவருக்குச் சொந்தம். வேறு ஆட்கள் தொழிலுக்குக் கொண்டுபோய்ப் பங்கு கொடுக்கிறார்கள். "எஞ்சின் எண்ணெய் கூடக் குடிக்குது" என்று சொல்லி ஒவ்வொரு மாதமும் அந்தப் பங்கு குறைந்துகொண்டே வந்தது. அது உண்மையா பொய்யா என்று அறிய அவருக்கு வழி இல்லை. எனக்கும் அன்று தெரியாது. நான் படித்தது சமூகவியல்.

எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் லண்டனில் இருக்கும் என் மாமா. அவரிடம் எம்.ஜி.பி. என்ற பழைய இங்கிலாந்துக் கார் ஒன்று உண்டு. கூரை திறந்த, இரண்டே ஆசனங்கள் கொண்ட ஓட்டக் கார். இந்த வகைக் கார்கள் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டன. மாமாவின் கார் 1968ஆம் ஆண்டுக்குரியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் மூக்கைத் திறந்துவைத்துவிட்டு வீடியோ அழைப்பு எடுப்பார். "பிள்ளை, இந்தச் சத்தத்தைக் கேள். இடப்பக்கமோ வலப்பக்கமோ?" என்பார். அந்தக் காருக்கு ஒன்றல்ல, இரண்டு காபரேற்றர்கள்.

காபரேற்றர் என்ன செய்கிறது என்பதை அடுப்படியில் நிற்கும் எமக்குச் சொல்லிப் புரியவைப்பது இலகு. மண்ணெண்ணெய் அடுப்பில் காற்றும் எண்ணெயும் சரியாகக் கலந்தால் நீலச் சுவாலை. எண்ணெய் கூடினால் மஞ்சள் சுவாலை, சட்டியின் அடியில் கரி. எஞ்சினுக்குள்ளும் இதேதான். ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறைப்படி ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். அந்தக் கலவையைச் செய்து எஞ்சினுக்கு ஊட்டுவதே காபரேற்றரின் வேலை. பெற்றோல் கூடினால் கறுப்புப் புகை வரும், பிளக்கில் கரி படியும், செலவும் ஏறும். குறைந்தால் எஞ்சின் இழுக்காது, அளவுக்கு மீறிச் சூடாகும்.

மாமாவின் காரில் உள்ளவை எஸ்.யூ. காபரேற்றர்கள். இலங்கையில் ஓடிய மொறிஸ் மைனர்களிலும் இதே வகைதான், ஆனால் ஒன்று மட்டும். ஸ்கின்னர் என்ற சகோதரர்கள் ஏறக்குறைய 120 ஆண்டுகளுக்கு முன் இதைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய குடும்பத் தொழில் சப்பாத்து வியாபாரம். முதலில் செய்த காபரேற்றர்களுக்குள் தோலால் ஆன துருத்தி இருந்ததாம். பிறகுதான் அது உலோகப் பிஸ்டனாக மாறியது. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க இந்தப் பிஸ்டன் மேலெழும். அதன் அடியில் நுனி மெலிந்த ஊசி ஒன்று தொங்கும். ஊசி மேலே போகப் போகத் துளை விரிந்து பெற்றோல் கூடுதலாக வரும். இவ்வளவுதான் அதன் கணக்கு.

இரண்டு ஏன்? அந்த எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். ஒன்று நான்குக்கும் ஊட்டுவதை விட, ஆளுக்கு இரண்டாக இருவர் ஊட்டினால் எஞ்சின் தாராளமாக மூச்சுவிடும். ஆனால் இருவரும் ஒரே அளவில் ஊட்ட வேண்டும். கலியாண வீட்டில் சோற்றுக் கிடாரத்தை இரண்டு பேர் தூக்கும்போது ஒருவர் உயர்த்திப் பிடித்தால் பாரம் முழுவதும் மற்றவர் மேல் சரியும். இங்கும் அப்படித்தான். ஒன்று அதிகம் திறந்திருந்தால் எஞ்சின் நொண்டும்.

சமப்படுத்த என்ன கருவி வேண்டும் என்று கேட்டேன். மாமா ஒரு முழம் றப்பர் குழாயைக் காட்டினார்.

முதலில் எஞ்சினை நன்றாகச் சூடாக விட வேண்டும். காற்று வடிகட்டிகளைக் கழற்ற வேண்டும். இரண்டு காபரேற்றரையும் இணைக்கும் கம்பியின் பிடியைத் தளர்த்தினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். பிறகு குழாயின் ஒரு முனையை ஒன்றின் வாயிலும் மறு முனையைக் காதிலும் வைத்தால் 'ஸ்...' என்று காற்று இழுபடும் சத்தம் கேட்கும். அடுத்ததிலும் கேட்க வேண்டும். கூடச் சத்தம் போடுவது கூடக் காற்றை இழுக்கிறது. அதன் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், மற்றதைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். இரண்டும் ஒரே சத்தத்துக்கு வரும்வரை இதே வேலை.

அடுத்தது பெற்றோலின் அளவு. காபரேற்றரின் அடியில் ஆறு பக்க நட் ஒன்று உண்டு. மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு தடவையில் ஒரு பக்கத்துக்கு மேல் திருப்பக் கூடாது என்பதில் மாமா கண்டிப்பானவர். பிறகு பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் சோர்ந்து நிற்கப் பார்த்தால் குறைவு. சற்றே எழும்பி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. இதைத் திருத்தும்போது காற்றின் அளவு மாறிவிடும். ஆகவே மறுபடியும் குழாய், மறுபடியும் நட். எல்லாம் சரி வந்த பிறகே இணைக்கும் கம்பியின் பிடியை இறுக்க வேண்டும்.

மாமாவின் காருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆசைப்பட்டுப் புகைக் குழாயையும் காற்று வடிகட்டிகளையும் இலகுவாக மூச்சுவிடும் வகைக்கு மாற்றியிருந்தார். எஞ்சின் இப்போது முன்னையிலும் அதிகக் காற்றை இழுக்கிறது. ஊசியோ பழைய ஊசி. நின்ற இடத்தில் ஓடும்போது அருமையாக இருக்கும், வேகமாகப் போனால் திணறும். நட்டை எவ்வளவு திருப்பியும் பயன் இல்லை. கடைசியில் இன்னும் மெலிந்த ஊசி ஒன்றை வாங்கிப் போட்ட பிறகே சரியாயிற்று. (அந்தக் காருக்கு அவர் செலவழித்த காசைப் பற்றி மாமி சொன்னதை இங்கே எழுத முடியாது.)

அவர் அடிக்கடி சொல்லும் இன்னொன்று, காபரேற்றரைக் கடைசியாகத் தொட வேண்டும் என்பது. பிளக், நெருப்புப் பாயும் நேரம், வால்வின் இடைவெளி, காற்றுக் கசிவு எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் அதன் முறை. பழியை மட்டும் எல்லாரும் முதலில் அதன் மேல்தான் போடுவார்கள்.

இதை நான் சொந்தக் காசு கொடுத்துப் படித்தேன். சில வருடங்களுக்கு முன் என் ஸ்கூட்டி வழியில் நின்றுவிட்டது. எந்த ஊர்க் கராஜ் என்று சொல்லப் போவதில்லை. "காபரேற்றர் முடிஞ்சுது மிஸ், புதுசு போட வேணும்" என்றார்கள். போட்டேன். இரண்டு கிழமையில் மறுபடி நின்றது. பெற்றோல் ராங்கியின் அடியில் இருந்த துருதான் குழாயில் இறங்கி அடைத்திருந்தது. பழைய காபரேற்றரில் ஒரு குற்றமும் இல்லை.

மாமா இந்தக் கையை லண்டனில் பழகவில்லை, யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் பழகினார். 1990க்குப் பிறகு வடக்கிற்குப் பெற்றோல் வரத் தடை இருந்த காலம் அது. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உங்களில் மூத்தவர்களுக்கு அந்தப் புகை மணம் இன்னும் மூக்கில் இருக்கும். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒரு சிறு போத்தல் பெற்றோலை நாள் கணக்கில் காப்பாற்றி வைத்தவர்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போன எத்தனையோ தாய்மார் அப்படி ஓடிய கார்களில்தான் போனார்கள். அந்த எஞ்சின்கள் அழுத்தம் குறைந்தவை என்பதால் தாங்கின.

முசலிக் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின்களும் இதே முறைதான். பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், நிறுத்துவதற்கு முன் மறுபடி கொஞ்சம் பெற்றோலில் ஓடவிடுவதும் உங்கள் வீட்டு ஆண்கள் செய்து நீங்கள் பார்த்ததுதான்.

"ஆம்புளைங்கட வேலை" என்ற சொல் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. தேடிப் படித்தபோது இரண்டு பெண்கள் கிடைத்தார்கள். ஒருவர் பார்பரா ஸ்கின்னர். எஸ்.யூ. நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரின் மகள். 1930களில், மாற்றியமைத்த மொறிஸ் மைனர் காரில் மேட்டுப்பாதை ஓட்டப் போட்டிகளில் ஓடியவர்.

மற்றவர் பியற்றிஸ் ஷில்லிங். 1909இல் பிறந்து, மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். 1934இல் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 106 மைல் வேகத்தில் ஓட்டப்பாதையைச் சுற்றியவர். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியப் போர் விமானங்கள் திடீரென்று தலைகீழாகப் பாயும்போது எஞ்சின் அடைத்துக்கொள்ளும். அவற்றிலும் எஸ்.யூ. காபரேற்றர்தான். எரிபொருள் எக்கச்சக்கமாகப் பாய்ந்துவிடுவதே காரணம். ஷில்லிங் செய்தது நடுவில் துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் தட்டு. எரிபொருள் வரும் பாதையில் அதை வைத்தால், தேவைக்கு மேல் பாயாது. 1941இல் அவரும் அவரது ஆட்களும் விமானத் தளங்கள்தோறும் போய் அதைப் பொருத்தினார்கள். யுத்தத்துக்குப் பின் அவரும் கணவரும் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற ஓட்டக் காரைப் போட்டிகளில் ஓட்டினார்கள். அதற்கும் இரட்டைக் காபரேற்றர்தான். யுத்த எஞ்சினைத் திருத்தியவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு மனக்குறை உண்டு. ஆனாலும் அந்தப் பித்தளைத் தட்டை நினைத்தால் வியப்புத்தான்.

எம்மைப் போன்றவர்கள் மீது எனக்குள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருந்தவர்களும், 2007இல் இடம்பெயர்ந்தவர்களும் 2009க்குப் பிறகு முசலிக்குத் திரும்பியபோது, பெண்கள் குடும்பம் நடத்தும் வீடுகளுக்கு நாம் கொண்டுபோனவை பெரும்பாலும் தையல் மெஷின்கள். ஒரே ஒழுங்கையில் நான்கு மெஷின் இருந்தால் யார் யாருக்குத் தைப்பது? வீட்டில் என்ன எஞ்சின் நிற்கிறது, அதைத் திருத்தத் தெரியுமா என்று நானும் கேட்கவில்லை.

கேட்க வைத்தது மண்ணெண்ணெய் விலை. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. அதன் பிறகு, எஞ்சின் கூடக் குடிக்கிறதா இல்லையா என்பது சோற்றுக் கணக்காகிவிட்டது.

ஆகவே ஒரு பின்னேரம் அந்த ராத்தாவின் வீட்டு வளவில் ஆறு பெண்கள் கூடினோம். அரிப்பிலிருந்து இரண்டு அக்காமாரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரின் தம்பி எஞ்சின் வேலை தெரிந்தவர். திறந்து காட்ட அவரையும் கூட்டி வந்திருந்தார். எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி நிறுத்தியிருந்தோம். முதலில் முக்காடு, சேலைத் தலைப்பு, பின்னல் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டச் சொன்னேன். சுழலும் எஞ்சினில் துணி மாட்டினால் ஆபத்து. பெற்றோல் இருக்கும் இடத்தில் விளக்கு, அடுப்பு கூடாது என்றும் சொன்னேன்.

நான் கொண்டுபோன றப்பர் குழாயை ராத்தா வாங்கினார். தம்பி எஞ்சினை இழுத்து எழுப்பினார். ராத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது இழுக்குது. ஆனா உள்ளுக்க ஏதோ குமுறுது" என்றார்.

எஞ்சினை நிறுத்திப் பிளக்குகளைக் கழற்றினோம். இரண்டும் அடுப்புச் சட்டிபோலக் கறுப்பு. எஞ்சின் உண்மையாகவே கூடக் குடித்திருக்கிறது, பங்கு கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. ராத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தம்பி காபரேற்றரின் கிண்ணத்தைத் திறந்தார். அடியில் உப்பும் மண்ணும். எண்ணெயை அளவோடு நிறுத்த வேண்டிய சிறு வால்வு ஊசியின் நுனி தேய்ந்து ஒரு வளையமே விழுந்திருந்தது. எண்ணெய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

தம்பி அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "மன்னாருக்குப் போகேக்க வாங்கி வாறன்" என்றார்.

"இங்க தாங்க தம்பி, நானே போய் வாங்குறன்" என்று ராத்தா அதை வாங்கித் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "புதுசு இதே அளவா எண்டு நான் பாக்கணும்."