பொம்மை மாவு வீட்டிலேயே ரெடி! உப்பும் குன்றிமணியும் உஷார்!

புதுச்சேரி:- "அம்மா, அந்தக் கலர் களிமண்ணு வாங்கிக் குடும்மா!" என்று நேரு வீதிக் கடை வாசலில் பிள்ளை அடம் பிடிக்கிறதா? பர்சைத் திறக்குமுன் ஒரு நிமிஷம்! 'பிளே-டோ' வகை மெத்தென்ற மாவு மண்ணே அல்ல. கோதுமை மாவு, உப்பு, தண்ணீர்தான் அதில் முக்கிய சரக்கு!

சுவர் துடைத்த மாவு

அது பிறந்த கதையே வேடிக்கை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், சுவரில் ஒட்டும் காகிதத்தில் படிந்த கரிக்கறையைத் துடைக்கத்தான் முதலில் இதைச் செய்தார்கள். வீடுகளில் நிலக்கரி எரிப்பது குறைந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. நர்சரி டீச்சர் ஒருவர் அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்தார். ஒரே குஷி! 1956-ல் விளையாட்டுச் சாமானாக விற்பனைக்கு வந்துவிட்டது.

செய்முறை

மைதா 1 கப், பொடி உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், சமையல் எண்ணெய், எலுமிச்சைச் சாறு தலா 1 மேசைக்கரண்டி. கட்டி தட்டாமல் கரைத்து, சிறு தீயில் கிளறுங்கள். ஒட்டாமல் சுருண்டு வந்ததும் இறக்கி, ஆறவிட்டுப் பிசையுங்கள். கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை போட்டால் கலரும் ரெடி.

வெந்த மாவு பிடிப்பைத் தருகிறது. எண்ணெய் கையில் ஒட்டாமல் காக்கிறது. உப்பு, பூசணம் பிடிக்காமல் தடுக்கிறது. ஆனால் நம்முடையது கடற்காற்று ஊர். உப்பு ஈரத்தை இழுத்து மாவு பிசுபிசுக்கும். வெயிலில் வைத்தாலோ காய்ந்து வெடிக்கும். டப்பாவை இறுக மூடி வையுங்கள்.

ஆபத்து எங்கே?

நாக்கில் பட்டால் உப்புக் கரித்துப் பிள்ளை துப்பிவிடும். உருண்டை உருண்டையாக விழுங்கினால்தான் வம்பு. அவ்வளவு உப்பு பிஞ்சு உடம்புக்கு ஆகாது. வீட்டு நாய் தின்றாலும் உயிருக்கே ஆபத்து. கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு இந்த மாவே வேண்டாம்.

இன்னொன்று: சதுர்த்திப் பிள்ளையாருக்கு வைப்பதுபோல், பொம்மைக்குக் கண்ணாகக் குன்றிமணியை வைக்காதீர்கள்! கடித்து மென்றால் அது கடும் விஷம். தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். ஜிப்மரோ, பக்கத்து ஆஸ்பத்திரியோ, உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கண், மூக்கெல்லாம் மாவிலேயே கிள்ளி வைத்தால் போதுமே!

நம்மூர் மண்

மாவுப் பொம்மையைச் சூளையில் வைத்தால் கருகிப் போகும். களிமண்ணோ சுட்டால் கெட்டிப்பட்டுக் காலத்துக்கும் நிற்கும். பக்கத்து வில்லியனூரின் சுடுமண் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தக் கலைக்காகவே புதுச்சேரி முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மாவில் விரல் பழகிய பிள்ளையை ஒரு நாள் அந்தப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான்!