இருளை வெல்வது எது?
ஒரு பழைய திகில் படமும் அதன் இரு மறு ஆக்கங்களும்

பழைய படமொன்று புதிய உருவில் மீண்டும் திரைக்கு வரும்போதெல்லாம் இல்லங்களில் ஒரு வழக்கு எழுவது இயல்பு. "என்ன இருந்தாலும் பழையதற்கு ஈடாகுமா?" என்பர் மூத்தோர். "பழையதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது, இதைப் பார்த்தால்தான் நெஞ்சு நடுங்குகிறது" என்பர் இளையோர். அது திகில் படமாக இருந்துவிட்டாலோ வழக்கு இன்னும் சூடேறிவிடும். ஏனெனில் அச்சம் என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறும் தன்மையது. பாட்டனாரை நடுங்க வைத்த காட்சி பேரனுக்கு வேடிக்கையாகப் படலாம். ஆகவே, "எது மிகுதியாக அச்சுறுத்துகிறது?" என்னும் ஒரே கேள்வியைக் கொண்டு எடைபோட முற்பட்டால், தீர்ப்பு ஒருநாளும் கிட்டாது.

மூலத்தை அப்படியே பின்பற்றியிருக்கிறதா என்று பார்ப்பதும் போதாது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960-இல் எடுத்த 'சைக்கோ' படத்தை, கஸ் வான் சாண்ட் என்னும் இயக்குநர் 1998-இல் ஏறத்தாழக் காட்சிக்குக் காட்சி அவ்வாறே வண்ணத்தில் எடுத்தார். உடல் இருந்தது, உயிர் இல்லை. நகல் எடுப்பது வேறு, மறுபடியும் படைப்பது வேறு என்பதற்கு அதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

அங்ஙனமாயின் எந்த அளவுகோலைக் கைக்கொள்வது? மூன்று முறை திரையேறிய ஒரு கதையைக் கொண்டு இதனை ஆராய்வோம். அதுவே 'நொஸ்ஃபெராட்டு' என்னும் இரத்தக் காட்டேரியின் கதை. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கான இதழில் காட்டேரிப் படத்திற்கு என்ன வேலை என்று யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. திரைப்படக் கலையின் நூற்றாண்டை முன்னிட்டு 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில், சமயம், விழுமியங்கள், கலை என்னும் மூன்று பிரிவுகளுள் கலைப் பிரிவில், 1922-ஆம் ஆண்டின் 'நொஸ்ஃபெராட்டு' இடம் பெற்றிருக்கிறது.

மூலப்படம்: அன்பின் பலி

ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் எடுத்த இம்மௌனப்படம் 1922 மார்ச் 4 அன்று பெர்லின் நகரில் காட்டப்பட்டது. அயர்லாந்து எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட 'டிராகுலா' நாவலே இதன் ஊற்று. ஆயினும் உரியவர்களிடம் அனுமதி பெறாமல், பெயர்களை மட்டும் மாற்றிப் படமெடுத்துவிட்டனர். ஸ்டோக்கரின் கைம்பெண் ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். படப்பிரதிகள் யாவும் அழிக்கப்பட வேண்டும் என்று 1925-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கெங்கோ சிதறிக் கிடந்த சில பிரதிகள் தப்பிப் பிழைத்ததனாலேயே நாம் இன்று இப்படத்தைக் காண முடிகிறது.

கதை எளியது. ஹட்டர் என்னும் இளைஞன், வீடு விற்கும் அலுவலின் பொருட்டுத் தொலைவிலுள்ள டிரான்சில்வேனியாவுக்குச் சென்று, ஓர்லோக் பிரபுவின் பாழடைந்த கோட்டையில் தங்குகிறான். அப்பிரபுவோ மனித இரத்தம் குடித்து வாழும் காட்டேரி. ஹட்டரின் மனைவி எலனுடைய படத்தைக் கண்ட அவன், மண் நிறைந்த சவப்பெட்டிகளுடனும் எலிகளுடனும் கப்பலேறி அவர்களுடைய ஊருக்கே வந்து சேருகிறான். கப்பலில் வந்தோர் அனைவரும் மடிகின்றனர். ஊரில் கொள்ளை நோய் பரவுகிறது. நோய் நுழைந்த வீடுகளின் கதவுகளில் சிலுவைக் குறி இடப்படுகிறது. தன் சன்னலருகே நின்று, தெருவழியே ஒன்றன்பின் ஒன்றாகச் சுமந்து செல்லப்படும் சவப்பெட்டிகளை எலன் காண்கிறாள். படிக்க வேண்டாமென்று கணவன் தடுத்த நூலை அவள் எடுத்துப் படிக்கிறாள். மாசற்ற பெண்ணொருத்தி மனமுவந்து தன் இரத்தத்தைக் கொடுத்து, சேவல் கூவும்வரை காட்டேரியைத் தன்னருகே நிறுத்திவிட்டால் அவன் அழிவான் என்பதை அதில் அறிகிறாள். அவ்விரவே சன்னலைத் திறக்கிறாள். பொழுது புலர்கிறது, கதிரொளி பட்டுக் காட்டேரி புகையாய் மறைகிறான். கணவனின் கரங்களில் எலன் உயிர் துறக்கிறாள். ஊர் பிழைக்கிறது.

இம்முடிவு நாவலில் இல்லாதது. அங்கே ஆண்கள் ஒன்றுகூடிக் கத்திகளால் டிராகுலாவை வீழ்த்துகின்றனர். பகலொளி அவனைக் கொல்வதுமில்லை. வெயில் பட்டால் காட்டேரி மடியும் என்று உலகமெங்கும் இன்று வழங்கும் நம்பிக்கை இப்படத்திலிருந்து பிறந்ததே. ஆயுதம் வெல்லாததை ஒரு பெண்ணின் தற்கொடை வென்றது என்று முர்னாவ் மாற்றியமைத்தார். காட்டேரி மாடிப்படியேறும் புகழ்பெற்ற காட்சியில் அவனை நாம் காண்பதில்லை. சுவரில் நீளும் அவனது நிழலை மட்டுமே காண்கிறோம். நிழலின் கை எலனின் நெஞ்சைப் பற்றுகிறது. தீமைக்கு இதனினும் பொருத்தமான உருவம் ஏது?

ஹெர்சோக்கின் கேள்வி: பலி வீணாகுமா?

1979-இல் மற்றொரு ஜெர்மானிய இயக்குநரான வெர்னர் ஹெர்சோக் இக்கதையை வண்ணத்தில் எடுத்தார். போரின் கறை படிந்த தந்தையரின் தலைமுறையிடம் தமக்குக் கலைமரபு ஏதும் கிட்டவில்லை என்றும், பாட்டன்மாரின் தலைமுறையைத் தேடிச் செல்ல நேர்ந்தது என்றும் அவர் சொன்னதுண்டு. முர்னாவை அவர் போற்றினார். சில காட்சிகளை அவ்வாறே மீண்டும் அமைத்தார். நாவலின் பெயர்களும் திரும்பி வந்தன. டிராகுலாவாகக் கிளாவுஸ் கின்ஸ்கியும், லூசி என்னும் மனைவியாக இஸபெல் அஜானியும், கணவன் ஜோனத்தனாகப் புரூனோ கான்ஸும் நடித்தனர். நெதர்லாந்தின் ஸ்கீடாம் நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கான எலிகளை அவிழ்த்துவிட்டுப் படம் பிடித்தனர்.

ஆனால் போற்றியவரே முடிவை மாற்றினார். இங்கும் லூசி தன்னைப் பலியாக்குகிறாள்; இங்கும் டிராகுலா விடியலில் வீழ்கிறான். எனினும் அவனிடம் கடியுண்ட ஜோனத்தன் அதற்குள் தானே காட்டேரியாகிவிட்டான். அவனைக் கட்டுப்படுத்த எண்ணி, லூசி அவனது நாற்காலியைச் சுற்றி நற்கருணை அப்பத்தைத் துகளாக்கித் தூவியிருக்கிறாள். அவனால் அவ்வட்டத்தைத் தாண்ட இயலவில்லை. இறுதியில் அவன் பணிப்பெண்ணை அழைத்து, அத்துகளைப் பெருக்கித் தள்ளச் சொல்கிறான். அவளும் தூசி என்றெண்ணிப் பெருக்கிவிடுகிறாள். அவன் எழுந்து, குதிரையேறி, மணல்வெளியில் மறைகிறான். தீமை வாழ்கிறது.

நற்கருணையை வணங்கும் எவருக்கும் அக்காட்சி நெஞ்சைப் பிழியும். அதை நிந்தனை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது சரியன்று என்பதே எம் கருத்து. புனிதமானது துடைப்பத்திற்குத் தூசியாகத் தெரியும் அளவுக்கு ஓர் ஊரார் உணர்விழந்து போனால், ஒருத்தி உயிரையே கொடுத்தாலும் அதனால் வரும் பயன் என்ன என்று ஹெர்சோக் வினவுகிறார். சதுக்கத்தில் மேசையிட்டு, காலடியில் எலிகள் ஓட, சாகுமுன் உண்டு களிப்போம் என்று விருந்துண்ணும் நோயாளிகளைக் காட்டியவரும் அவரே. லூசி வீடுவீடாய்ச் சென்று உண்மையைச் சொல்லியும் கேட்பாரில்லை. பலி குறைவுபடவில்லை, அதை ஏற்றுக்கொள்ளும் உள்ளங்களே குறைவுபட்டன. மூலப்படம் கேட்காத கேள்வி இது. கேள்வியை எழுப்பியவர் விடை தரவில்லை. நம்பிக்கையின் வாயிலையும் அடைத்துவிட்டார். அது குறையே. ஆயினும் நேர்மையான கேள்வி, பொய்யான ஆறுதலினும் மேலானது.

எக்கர்ஸின் கேள்வி: அவளுக்குச் செவிசாய்த்தவர் யார்?

2024-இல் அமெரிக்க இயக்குநர் ராபர்ட் எக்கர்ஸ் மூன்றாம் முறையாக இக்கதையைத் தொட்டார். பள்ளி மாணவராயிருந்த காலத்திலேயே இதனை மேடையேற்றியவர் அவர். கிறிஸ்து பிறப்பு விழா நாளன்று அமெரிக்காவில் வெளியான இப்படம், ஒளிப்பதிவு, உடையமைப்பு, ஒப்பனை, கலையமைப்பு ஆகிய நான்கு துறைகளில் ஆஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது. கைத்திறனில் குறைகாண இயலாது. ஆனால் முர்னாவ் நிழலால் உணர்த்தியதை இவர் அழுகிய உடலாகவே கண்முன் நிறுத்துகிறார். பல இடங்களில் அச்சம் அருவருப்பாக மாறிவிடுகிறது. காமமும் குருதியும் வெளிப்படையாகக் காட்டப்படுகின்றன. சிறுவர்களும் வளரிளம் பருவத்தினரும் காணத்தக்க படமன்று இது என்பதைப் பெற்றோர்க்கு ஐயமின்றிச் சொல்லுகிறோம்.

இருந்தும் இப்படத்தில் ஒரு மெய்யான பேறு உண்டு. இங்கே எலன் சிறுமியாயிருந்தபோது, தனிமை தாளாமல், தனக்கோர் ஆறுதல் வேண்டுமென்று இருளை நோக்கி மன்றாடுகிறாள். மறுமொழி கூறியவன் காட்டேரி. துணை தேடிய பிள்ளையைக் கொடியவன் தன்வசமாக்கிக்கொள்கிறான். அந்த வெட்கமோ வளர்ந்த பின்னும் அவளையே சுடுகிறது. அவள் வாய் திறந்தால் பித்து என்கின்றனர். மருத்துவர் மயக்க மருந்து தருகிறார், படுக்கையோடு கட்டிவைக்கின்றனர். அவள் சொல்லை எள்ளி நகையாடிய குடும்ப நண்பர், தம் மனைவியையும் இரு பெண் குழந்தைகளையும் காட்டேரிக்குப் பறிகொடுக்கிறார். ஊராரால் ஒதுக்கப்பட்ட முதிய அறிஞர் ஒருவர் மட்டுமே அவளை நம்புகிறார்.

இதில் ஓர் ஆபத்தும் கலந்திருக்கிறது. 1922-இன் எலன் யாருக்கும் கடன்பட்டவளல்லள். அன்பினால் மட்டுமே தன்னைக் கொடுத்தாள். 2024-இன் எலனோ, தானே அழைத்த தீமையைத் தன் சாவினாலேயே தீர்க்க வேண்டியவளாகத் தோன்றுகிறாள். வஞ்சிக்கப்பட்ட குழந்தையே வஞ்சனைக்கு விலை கொடுக்க வேண்டும் என்று எவரேனும் பொருள் கொண்டால், அது கொடிய பிழை. தற்கொடை என்பது வேறு, குற்றவுணர்வு செலுத்தும் தண்டம் என்பது வேறு. அவ்வேறுபாட்டை இப்படம் போதிய அளவு தெளிவாக்கவில்லை.

நம் தீர்ப்பு

ஆகவே, மறு ஆக்கத்தை எடைபோட மூன்று கேள்விகள் போதும். மூலம் எழுப்பாத புதிய கேள்வியொன்றை இது எழுப்புகிறதா? அச்சத்தை உள்ளத்தில் விளைவிக்கிறதா, அல்லது கண்ணுக்கு அருவருப்பூட்டி அதையே அச்சமென்று விற்கிறதா? தீமையை வெல்வது எது என்று சொல்லுகிறது?

இம்மூன்றாலும் அளந்தால், முர்னாவின் மூலப்படமே முதலிடத்தில் நிற்கிறது. மறு ஆக்கங்களுள் ஹெர்சோக்கின் படம் சிறந்தது. நம்பிக்கையில் வறியதாயினும் வினாவில் வளமுடையது. எக்கர்ஸின் படம் கைவண்ணத்தில் விஞ்சி, கண்ணியத்தில் தாழ்ந்திருக்கிறது. எனினும் மூன்று படங்களிலும் இழையோடும் ஓர் உண்மையை உரக்கச் சொன்னது அதுவே. வீட்டிலுள்ள ஒருத்தி தீமையை முன்னரே உணர்ந்திருந்தாள். அவள் சொல்லுக்கு மதிப்பளித்தவர் மிகச் சிலர்.

நம் இல்லங்களிலும் குழந்தைகள் அஞ்சுவதுண்டு. "ஒன்றுமில்லை, பேசாமல் தூங்கு" என்று அதட்டி அடக்கிவிடுவது நமக்கு எளிது. சில வேளைகளில் அந்த அச்சம் பேயைப் பற்றியதாக இராது. நன்கு பழகிய ஒருவரைப் பற்றியதாகவும் இருக்கலாம். அதைச் சொல்லும் சொற்கள் பிள்ளைக்குத் தெரியாமலிருக்கலாம். தன்மேலேயே பிழை என்று அது எண்ணிக் கொண்டுமிருக்கலாம். அன்புக்குரிய பெற்றோரே, இன்றிரவு உங்கள் மகனோ மகளோ விளக்கை அணைக்க வேண்டாம் என்றால், அருகே அமர்ந்து, எதைக் கண்டு பயம் என்று பொறுமையாகக் கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். சொன்னதை நம்புங்கள்.