ஆராய்ச்சிக்கூடத்துப் பிராணிகளும் மனிதனின் கடமையும்

பிளேக் என்னும் கொள்ளைநோய் 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில் கண்டறியப்பட்டது. சில மாதங்களுக்குள் நகர மக்களில் பெருந்தொகையினர் ஊரைவிட்டு வெளியேறினர். நோய் எவ்வழியாகப் பரவுகிறது என்பது அப்பொழுது விளங்கவில்லை. அதிகாரிகள் வீடுகளைக் கிருமிநாசினி கொண்டு கழுவினர். நோயாளிகளைக் குடும்பத்தினரிடமிருந்து பிரித்துக் கொண்டு சென்றனர். ஆயினும் நோய் தணியவில்லை.

இந்நிலையில் ருஷ்ய நாட்டில் பிறந்த கிருமியியல் நிபுணரான வால்டமார் ஹாஃப்கின் 1896 அக்டோபரில் பம்பாய்க்கு அழைக்கப்பட்டார். பைகுல்லாவிலுள்ள கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு கூடம் அவருக்கு ஒதுக்கப்பட்டது. பிளேக் கிருமிகளை அவர் ஊட்டச் சாற்றில் வளர்த்து, வெப்பத்தால் கொன்று, தடுப்பு மருந்தாக்கி, முதலில் முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார். பின்னர் 1897 ஜனவரி 10-ஆம் தேதியன்று அதைத் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். அதே மாதத்தில் பைகுல்லாச் சிறையில் பிளேக் தோன்றவே, முன்வந்த கைதிகளுக்கும் ஊசி போடப்பட்டது. ஊசி போட்டுக்கொண்டவர்களுள் நோய்க்கு ஆளானோர் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தனர்.

இவ்வரலாற்றில் முயல், விஞ்ஞானி, கைதி என மூவகைப் பரிசோதனைப் பாத்திரங்களைக் காண்கிறோம். விஞ்ஞானி தாம் செய்வது இன்னதென்று நன்கறிந்து, தாமாகவே இசைந்தார். கைதிகளும் இசைந்தனர், ஆயினும் சிறைக்குள் இருப்பவனின் இசைவு எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வி எழுகிறது. முயலை எவரும் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. வாய் திறந்து மறுக்க இயலாத உயிரின் சார்பில் யார் பேசுவது என்பதே பிராணிப் பரிசோதனை பற்றிய அறநெறிப் பிரச்சினையின் மூலக்கேள்வியாகும்.

கினிப்பன்றிகள் கற்பித்த பாடம்

1899-இல் ஹாஃப்கினின் ஆராய்ச்சிக்கூடம் பரேலிலுள்ள பழைய கவர்னர் மாளிகைக்கு மாற்றப்பட்டது. 1925-இல் அதற்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயரிடப்பட்டது. எலியிலிருந்து மனிதனுக்கு நோயைக் கொண்டு செல்வது தெள்ளுப்பூச்சியே என்று கராச்சியில் 1898-இல் பால் லூயி சிமோன் கூறியதை அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. கிளென் லிஸ்டன் என்ற மருத்துவ அதிகாரி 1904-இல் பம்பாயில் பிளேக் கண்ட வீட்டிற்குள் கினிப்பன்றிகளை விட்டு, அவற்றின்மேல் ஏறிய தெள்ளுப்பூச்சிகளைச் சேகரித்து ஆராய்ந்தார். 1905 முதல் பிளேக் ஆராய்ச்சிக் குழுவினர் இதற்கெனவே கட்டிய சிறு அறைகளில் சோதனையை விரிவாக நடத்தினர். தெள்ளுப்பூச்சி இல்லாத அறையில் நோயுற்ற பிராணியும் நலமுள்ள பிராணியும் சேர்ந்து வாழ்ந்தும் நோய் தொற்றவில்லை. தெள்ளுப்பூச்சி உள்ள அறையில் நோய் விரைந்து பரவியது. பூச்சி தாவி எட்டாத உயரத்தில் தொங்கவிடப்பட்ட கூண்டிலிருந்த பிராணிகள் தப்பின. தரையை ஒட்டியிருந்தவை மடிந்தன.

இச்சோதனைகளால் எலி, தெள்ளுப்பூச்சி, மனிதன் என்ற தொடர்பு ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது. இந்த உண்மையை மனிதரை வைத்துச் சோதித்து அறிந்திருந்தால் அதன் விலை எத்தகையதாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே பிராணிப் பரிசோதனை அனைத்தும் வீண்கொடுமை என்று கூறுவது வரலாற்றுக்கு முரணாகும். ஆனால் ஒரு காலத்தில் அவசியமாக இருந்தது எக்காலத்திலும் அவசியம் என்று கொள்வதும் அதைப் போன்ற பிழையே ஆகும்.

சட்டம் கூறுவது

இந்தியாவில் இப்பிரச்சினையைப் பாராளுமன்றத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் சென்னை கலாக்ஷேத்திரத்தின் நிறுவனர் ருக்மிணி தேவி அருண்டேல் ஆவார். 1952-இல் ராஜ்ய சபையின் நியமன உறுப்பினரான அவர், பிராணிகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கத் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததன் பேரில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இதன் பயனாக 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டம் பிறந்தது.

உயிரைக் காக்கவும், துன்பத்தைத் தணிக்கவும், நோயை எதிர்க்கவும் உதவும் அறிவைப் பெறுவதற்கான பரிசோதனைகளை அச்சட்டம் தடை செய்யவில்லை. ஆயினும் அவற்றை மேற்பார்வையிட ஒரு குழுவை அமைக்க வழிசெய்தது. வேறு வழியால் இயலுமாயின் பிராணியைத் தவிர்க்கவேண்டும். சிறு பிராணி போதுமாயின் பெரிய பிராணியைப் பயன்படுத்தலாகாது. மயக்க மருந்து கொடுத்து இரக்கத்துடன் செய்யவேண்டும். வெறும் கைப்பழக்கத்திற்காகச் செய்யலாகாது என்பன அதன் கோட்பாடுகள். 1959-இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு அறிஞர்கள் வகுத்த மாற்றுவழி காணல், எண்ணிக்கை குறைத்தல், துன்பம் தணித்தல் என்ற மூன்று நெறிகளோடு இவை ஒத்திருப்பது கருதத்தக்கது. இதற்கென 1998-இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, பரிசோதனை நடத்தும் நிலையம் பதிவு பெறவேண்டும். ஒவ்வோர் ஆய்வுத் திட்டமும் அறநெறிக் குழுவின் ஒப்புதலைப் பெறவேண்டும். பேச இயலாத உயிரின் சார்பில் பேசும் பொறுப்பு இவ்வாறு சட்டத்தால் ஏற்கப்பட்டது.

தேவை மாறிய விதம்

அவசியம் என்பது காலத்தோடு மாறுவதற்கு நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிலையம் நல்ல உதாரணமாகும். 1907-இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்தில் வெறிநாய்க்கடிக்கான தடுப்பு மருந்து பல்லாண்டுகள் ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது. வயிற்றில் நாள்தோறும் தொடர்ந்து போடப்பட்ட அந்த ஊசியை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் சிலருக்கு நரம்புக் கோளாறும் பக்கவாதமும் விளைவித்தது. உயிரணு வளர்ப்பு முறையில் செய்த மருந்து வந்தபின், 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு ஆட்டு மூளை மருந்து இந்தியாவில் கைவிடப்பட்டது. புதிய மருந்துக்குப் பெரிதும் பயன்படும் உயிரணுக்கள் 1962-இல் ஜப்பானில் ஒரே குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டு இன்றும் பெருகிவருபவை. ஆட்டிற்கு நன்மை செய்த மாறுதல் நோயாளிக்கும் நன்மையே செய்தது.

முகப்பூச்சு, சாயம், வாசனைப் பொருள் முதலியவற்றில் கேள்வி இன்னும் எளிது. அழகுப் பொருளுக்காக முயலின் கண்ணில் ரசாயனத்தை இடுவதற்கு உயிர்காக்கும் காரணம் ஏதுமில்லை. 2014-இல் இந்தியா அழகுப் பொருள்களைப் பிராணிகள்மீது சோதிப்பதையும், அவ்வாறு சோதிக்கப்பட்ட பொருள்களின் இறக்குமதியையும் தடை செய்தது. மருந்துத் துறையிலும், மனித உயிரணு வளர்ப்பு, கணினிக் கணிப்பு போன்ற மாற்றுமுறைகளுக்கு 2023-இல் திருத்தப்பட்ட விதிகள் இடமளிக்கின்றன.

எஞ்சியிருக்கும் கடன்

எனினும் எல்லாத் துறையிலும் மாற்றுவழி கிடைத்துவிடவில்லை. பாம்புக்கடி மருந்து இதற்குச் சான்றாகும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் முறிவுப் பொருளைப் பிரித்தெடுத்தே மருந்து தயாரிக்கிறார்கள். மருந்தின் வீரியம் சுண்டெலிகளைக் கொண்டு அளக்கப்படுகிறது. வயலில் உழைக்கும் விவசாயியின் உயிர் இன்று அக்குதிரையைச் சார்ந்து நிற்கிறது. அதைக் கைவிடுதல் இயலாது. ஆனால் குதிரைக்கு நல்ல தீனி, ஓய்வு, சிகிச்சை, இரத்தம் எடுப்பதில் உரிய வரம்பு ஆகியவற்றை அளித்தல் இயலும். அதைச் செய்யாதிருப்பதற்கு அவசியம் என்ற சொல் காரணமாகாது.

களப்பணியாளருக்கும் இதில் பங்குண்டு. காலாவதியாகும் அல்லது கவனக்குறைவால் கெட்டுப்போகும் ஒவ்வொரு குப்பியிலும் ஒரு பிராணியின் துன்பம் வீணாகிறது. கடிபட்டவரைக் கீறாமல், இறுகக் கட்டாமல், விரைவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி கிராமத்தாருக்கு எடுத்துரைப்பது, குதிரை தந்த மருந்து உரிய வேளையில் பயன்பட உதவும்.

ஆசிரியர்களின் பொறுப்பு வேறுவகையானது. புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் ஆகியவற்றால் கற்பிக்க இயலுமிடத்துப் பிராணியைத் தவிர்க்குமாறு 1960-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. உயிரியல் வகுப்பில் தவளையின் இதயத்தைப் படத்தில் விளக்கும்பொழுது, பம்பாயில் கினிப்பன்றிகள் ஏன் கூண்டில் தொங்கவிடப்பட்டன என்பதையும், இன்று அவ்வாறு செய்யவேண்டுமானால் ஓர் ஆராய்ச்சியாளர் முதலில் எக்கேள்விகளுக்கு விடையளிக்கவேண்டும் என்பதையும் மாணவர்களுக்குச் சேர்த்துக் கூறலாம். நாளைய ஆராய்ச்சிக்கூடங்களில் பணிபுரியப்போகிறவர்கள் அம்மாணவர்களே.