வராத பல்லை வரவழைக்கலாம்!

"பொண்ணுக்கு 14 வயசு ஆகுது டாக்டர். எல்லாப் பால் பல்லும் விழுந்து முளைச்சிருச்சு. இந்த ஒண்ணு மட்டும் ஆடவே இல்லை. நல்ல உறுதியான பல்லுன்னு நாங்களும் சந்தோஷமா விட்டுட்டோம். இப்ப என்னடான்னா, பக்கத்துப் பல்லு ஆடுதுங்கறா..."

இப்படிக் கவலையோடு வரும் அம்மாவை எந்தப் பல் மருத்துவரும் பார்த்திருப்பார். எக்ஸ்ரே எடுத்தால் விஷயம் புரிந்துவிடும். விழாமல் நிற்கிற பால் பல்லுக்கு மேலே, வெளியே வந்திருக்கவேண்டிய நிரந்தரப் பல் எலும்புக்குள் குறுக்காகப் படுத்திருக்கும். அதன் நுனி பக்கத்துப் பல்லின் வேரை அழுத்திக்கொண்டிருக்கும். அழுத்தத்தில் அந்த வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வேர் கரைந்தால் பல் ஆடத்தானே செய்யும்!

இதில் பெரிய ஆபத்து என்ன தெரியுமா? பெரும்பாலும் வலியே இருக்காது. வலிக்காத பல்லை யார் கவனிக்கிறோம்?

வழி தவறும் பல்

முளைக்காமல் உள்ளேயே நின்றுவிடும் பற்களில் முதலிடம் ஞானப்பல்லுக்கு. அடுத்த இடம் மேல் தாடையின் கோரைப்பல்லுக்கு. சிங்கப்பல் என்று சொல்கிறோமே, அதுதான். சுமார் 100 பேரில் 2 பேருக்கு இப்படி ஆகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

ஏன் இந்தப் பல்லுக்கு மட்டும் இந்தச் சோதனை? இது உருவாகும் இடம் தாடையில் மிக உயரத்தில், மூக்கின் பக்கவாட்டில். அங்கிருந்து நெடுந்தூரம் இறங்கி வரவேண்டும். வருகிற வழியில் பக்கத்து முன்பல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு வருவதுபோலத்தான் வரும். அந்த முன்பல் மிகச் சிறியதாக இருந்தாலோ, பிறவியிலேயே இல்லாமல் போனாலோ, கோரைப்பல் வழி தவறி மேலண்ணத்துப் பக்கம் போய்விடலாம். சில குடும்பங்களில் இது பரம்பரையாகவும் வருகிறது. அப்பா, அம்மா, அக்கா யாருக்காவது இருந்தால் தம்பி தங்கைகளையும் பார்த்துவிடுவது நல்லது.

10 வயதில் ஒரு விரல் பரிசோதனை

மேல் கோரைப்பல் வழக்கமாக 11, 12 வயதில் முளைக்கும். அதற்கு முன்பே, 10 வயது வாக்கில், பால் கோரைப்பல்லுக்கு மேலே கன்னத்துப் பக்க ஈற்றில் விரலால் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும். உள்ளே பல் இறங்கி வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இரண்டு பக்கமும் மேடு தெரிந்தால் நிம்மதி. ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் தெரியவில்லையா? 11 வயதாகியும் எதுவும் தட்டுப்படவில்லையா? உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். 13 வயது தாண்டியும் பால் பல் அசையாமல் நின்றால், 'ராசியான பல்' என்று பெருமைப்படாதீர்கள். மேலே இருக்கும் பல் வழி தவறிவிட்டதோ என்று சந்தேகப்படுங்கள்.

சீக்கிரம் பார்த்தால் சிகிச்சை எவ்வளவு சுலபம் என்பதற்கு ஓர் உதாரணம்: ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் எரிக்சனும் க்யூரோலும் 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 1988-ல் வெளிவந்தது. அண்ணத்துப் பக்கம் திரும்பியிருந்த 46 கோரைப்பற்களுக்குக் கீழே இருந்த பால் பல்லை மட்டும் எடுத்தார்கள். 36 பற்கள் தாமாகவே சரியான பாதைக்குத் திரும்பிவிட்டன! அறுவை சிகிச்சை இல்லை, கம்பி இல்லை. ஒரே ஒரு பால் பல்லை எடுத்ததோடு சரி. ஆனால் இது அந்த வயதுக்குத்தான்.

தாமதமாகிவிட்டால்?

பயப்படவேண்டாம், அதற்கும் வழி இருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை விலக்கி, மூடியிருக்கும் எலும்பைக் கொஞ்சம் நீக்கினால் பல் கண்ணுக்குத் தெரியும். அதன்மேல் சிறு கொக்கி ஒன்றை ஒட்டி, மெல்லிய சங்கிலியைப் பற்களில் போட்ட கிளிப்போடு இணைப்பார்கள். பிறகு மெதுவாக, மிக மெதுவாக இழுக்கவேண்டும். பல் வரிசைக்கு வந்து சேர ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம். வயது ஏற ஏற, பல் எலும்போடு ஒட்டிப்போய் அசைய மறுக்கும் வாய்ப்பும் கூடும்.

பல்லையே இடம் மாற்றினால்?

இழுக்கவே முடியாத கோணத்தில் பல் படுத்திருந்தால், சிலருக்கு மட்டும் கடைசி வழியாக ஒன்று உண்டு. அவர்களுடைய பல்லையே வெளியே எடுத்து, அது இருக்கவேண்டிய இடத்தில் குழி அமைத்து நட்டுவிடுவது.

நாற்று பிடுங்கி நடுவதைப் பார்த்திருப்பீர்கள். வேர் அறுந்தால் பயிர் பிழைக்குமா? இங்கேயும் அதே கதைதான். பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. பல்லை எலும்போடு பிணைப்பது அதுதான். அது கிழியாமல், காயாமல் இருக்கவேண்டும். அதனால் மருத்துவர் வேரைத் தொடாமல், பல்லின் தலைப்பகுதியை மட்டும் பிடித்து, சில நிமிடங்களுக்குள் புதுக் குழியில் வைத்துவிடுவார். இப்போது ஸ்கேன் எடுத்து அந்தப் பல்லைப்போலவே பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை முன்கூட்டியே தயாரித்து, குழியை அதற்கேற்ப அளந்து செதுக்கவும் முடிகிறது. நிஜப் பல் வெளியே காத்திருக்கும் நேரம் குறைகிறது.

நட்ட பல்லை ஒன்றிரண்டு வாரம் பக்கத்துப் பற்களோடு லேசாகக் கட்டி வைப்பார்கள். வேர் முழுதாக வளர்ந்து முடிந்த பல் என்றால் சில வாரங்களுக்குள் ரூட் கேனல் சிகிச்சை தேவைப்படும். வேர் முக்கால்வாசி வளர்ந்த இளம் பல்லுக்குப் பலன் இன்னும் நல்லது. ரத்த ஓட்டம் மீண்டும் உள்ளே நுழைந்து பல் உயிரோடு இருக்க வாய்ப்புண்டு.

நார்வேயில் இப்படி நடப்பட்ட பற்களை 17 முதல் 41 வருடங்கள் கழித்துப் பரிசோதித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். 10-ல் 9 பல் வாயில் நிலைத்திருந்தது. ஆனால் அவை இளவயதில், தேர்ந்த கைகளால் நடப்பட்டவை. முற்றிய கோரைப்பல்லுக்கு அதே பலனை எதிர்பார்க்கக்கூடாது. சிலருக்கு நட்ட வேரும் கரையலாம். அதனால் வருடக்கணக்கில் கண்காணிப்பு அவசியம்.

"வேற ஒருத்தர் பல்லை வெச்சா என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. 18-ம் நூற்றாண்டு லண்டனில் அதையும் செய்துபார்த்தார்கள். ஏழைகளின் பல்லைப் பணக்காரர் வாயில் வைத்தார்கள். பல் நிலைக்கவில்லை, நோய் தொற்றியதாகப் புகார்தான் எழுந்தது. உங்கள் பல்தான் உங்களுக்கு!

எடுக்காமலும் விடலாமா?

விடலாம். பல் யாருக்கும் தொல்லை தராமல் உள்ளேயே இருந்தால், அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கவனித்து வரலாம். பக்கத்து வேரைத் தொட்டாலோ, சுற்றிலும் நீர்க்கட்டி தெரிந்தாலோ காத்திருக்கக்கூடாது.

எந்த வழி என்பதைப் பல் சீரமைப்பு நிபுணரும் வாய் அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து முடிவு செய்வதுதான் சரி. உங்கள் வேலை ஒன்றே ஒன்று. பிள்ளைக்கு 10 வயது நிறைந்ததும் வாயைத் திறக்கச் சொல்லி, கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு, ஈற்றை ஒரு தடவை தடவிப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது!