சாட்சி சொன்ன எண்!



எங்கள் கணியூர் பக்கத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே நிறத்தில், ஒரே அளவில் ஆயிரம் பனியன்கள் இருந்தாலும், கட்டின் மேல் ஒட்டிய சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து, 'இது இந்த ஆர்டர்' என்று சொல்லிவிடுவார்கள். அப்படி ஓர் எண்தான், மாவீரன் பகத்சிங்கின் கைத்துப்பாக்கியை அடையாளம் காட்டியது!

1928 டிசம்பர் 17 அன்று, லாகூரில் சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த வழக்கில் பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் 1931 மார்ச் 23 அன்று தூக்கிலிடப்பட்டனர். அப்போது பகத்சிங்கின் வயது 23தான்.

அவர் வைத்திருந்த துப்பாக்கி என்ன ஆயிற்று? மத்தியப் பிரதேச மாநிலம் இந்தூரில், எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில் மற்ற பழைய துப்பாக்கிகளோடு அதுவும் இருந்தது. ஆனால், அது யாருடையது என்று அங்கு யாருக்கும் தெரியாது! துரு பிடிக்காமல் இருக்க, அதன் மேல் கறுப்பு பெயின்ட் வேறு பூசியிருந்தார்கள்.

பழைய வழக்கு ஆவணங்களில், அந்தத் துப்பாக்கியின் எண் 168896 என்று எழுதப்பட்டிருந்தது. அந்த எண்ணைத் தேடிப் போனபோது, 2016இல் விடை கிடைத்தது. பெயின்ட்டைச் சுரண்டினார்கள். உள்ளே, அதே 168896!

துப்பாக்கியில் பொறித்திருப்பதை எப்படிப் படிப்பது?

* கம்பெனியின் பெயரும் சின்னமும்: பகத்சிங்குடையது அமெரிக்காவின் 'கோல்ட்' கம்பெனி செய்தது. முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைதான் அதன் சின்னம்.

* அளவு: '.32' என்றால், குண்டின் குறுக்களவு ஏறத்தாழ 0.32 அங்குலம். அதாவது, சுமார் 8 மில்லிமீட்டர்.

* காப்புரிமை தேதி: 1903 என்று பொறித்திருந்தால், அது 1903க்கு முன் செய்ததாக இருக்கவே முடியாது அல்லவா?

* வரிசை எண்: எந்த ஆண்டில் எந்த எண் வரை செய்தோம் என்று கம்பெனி பதிவேட்டில் எழுதி வைக்கும். அதில் தேடினால் துப்பாக்கியின் வயது தெரியும்.

இன்னொன்று. குண்டுகளை வைக்கும் உருளை சுழன்றால் அது ரிவால்வர். பகத்சிங்குடையதில் அந்த உருளை கிடையாது, அது பிஸ்டல்.

'இது பெரிய தலைவர் வைத்திருந்த பொருள்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பொருளில் உள்ள எண்ணும், ஏட்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால்தான் அது வரலாறு!

நீங்களும் துப்பறியலாமே! ஒரு ரூபாய் நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரம் போன்ற குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. அந்த ஊர் நாணயச்சாலையில்தான் உங்கள் நாணயம் பிறந்தது.

ஓர் எச்சரிக்கை: பழைய துப்பாக்கி எதையாவது பார்த்தால் தொடக் கூடாது. உள்ளே குண்டு இருக்கலாம். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். நாணயத்தைத் தொடலாம், தடையில்லை!