ஒரு 'டி' குறைந்த கதை

இங்கிலீஷ் பாடத்தில் ஒரு ஸ்பெல்லிங் பிழை வந்துவிட்டால் உபாத்தியாயர் நம் குழந்தைகளைச் சும்மா விடுவதில்லை. ஆனால் அந்தப் பாஷைக்குச் சொந்தக்காரர்களே ஒரு காலத்தில் மனம்போனபடிதான் எழுதி வந்தார்கள். 'ஷோ' என்ற வார்த்தையில் இன்று 'ஓ' இருக்கும் இடத்தில் 'ஈ' போட்டார்கள். 'மியூஸிக்' என்பதன் கடைசியில் வீணாக ஒரு 'கே' சேர்த்தார்கள். 1755-ல் டாக்டர் ஜான்ஸன் தமது பெரிய அகராதியை வெளியிட்டபோதும் அந்த 'கே' போகவில்லை.

சொந்த வார்த்தைகளுக்கே இந்தக் கதி என்றால், நம்மிடம் வாங்கிக்கொண்டு போன வார்த்தைகள் என்ன பாடு பட்டிருக்கும்! ராயபுரம் முதல் எண்ணூர் வரையில் கடலோரக் குப்பங்களில் சிறு பிள்ளையும் அறிந்த 'கட்டுமரம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

1583-ல் காஸ்பரோ பால்பி என்ற வெனிஸ் நகரத்து ரத்தின வியாபாரி, ஏழு மரங்களைச் சேர்த்துக் கட்டிய இந்த விசித்திர ஓடத்தைப் பற்றி எழுதினார். வர்ணனை சரியாகவே இருந்தது. பெயர்தான் 'கத்தமெரோனி' என்று ஆகிவிட்டது. 1673-ல் சோழமண்டலக் கரையோரம் கப்பலில் வந்த ஜான் பிரையர் என்னும் கம்பெனி வைத்தியர், இரண்டு 'டி' போட்டுக் 'கட்டமரான்' என்று எழுதினார். 1697-ல் புத்தகம் வெளியிட்ட மாலுமி வில்லியம் டாம்பியரோ ஒரு 'டி'யோடு நிறுத்திக்கொண்டார். இன்றைய இங்கிலீஷ் அகராதிகளில் நிலைபெற்றிருப்பது அந்த ஒற்றை 'டி'தான்.

அகராதியின்படி பிரையர் எழுதியது பழைய ஸ்பெல்லிங். நம் தமிழின்படி பார்த்தால் அதுவே நியாயமான ஸ்பெல்லிங். கட்டப்பட்ட மரம் கட்டுமரம். 'ட்' இரட்டித்தால்தானே கட்டு? அதை அடுத்து வரும் உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரையே ஒலிப்பது. அன்னியர் காதில் அது 'அ'வாக விழுந்ததில் ஆச்சரியமில்லை. பிரையர் அறிந்து எழுதினாரோ, அறியாமல் எழுதினாரோ, அவருடைய இரண்டு 'டி'க்களுக்குள் நம் கயிற்றுக்கட்டு அவிழாமல் இருந்தது.

அந்தக் கட்டின் அருமை சென்னைக்கு வந்த கப்பல்காரர்களுக்குத் தெரியும். 1875-ல் துறைமுக வேலை ஆரம்பமாகும் வரையில் இங்கே கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. கரைக்கு வெகு தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. இடையிலே அலைகள் வரிசை வரிசையாகச் சீறிக்கொண்டிருக்கும். மற்றப் படகுகள் அஞ்சும் வேளையிலும் கட்டுமரம் போய்வரும். மரங்களின் இடுக்கு வழியே தண்ணீர் வடிந்துவிடுவதால் அது மூழ்குவதில்லை. அலை புரட்டினாலும் ஆள் நீந்திவந்து ஏறிக்கொள்வான். கடிதங்களைக் கூம்புத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்த்தவர்கள் நம் செம்படவர்களே.

ஸ்பெல்லிங்கில் கட்டு தளர்ந்தது. பிறகு அர்த்தமும் மிதந்து போயிற்று. 1804-ல் நெப்போலியனுடைய படகுகளைத் தகர்ப்பதற்காக இங்கிலீஷ்காரர்கள் விட்ட வெடிமருந்துப் பெட்டிகளுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு, ஓயாமல் சண்டை பிடிக்கும் ஸ்திரீக்கும் இதுவே பட்டமாயிற்று! 1876-ல் ஹெரஷாப் என்ற அமெரிக்கர் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகு ஒன்றைச் செய்து ஓட்டினார். இன்று உலகம் இந்தப் பெயரால் அறிவது அப்படிப்பட்ட இரட்டைப் படகைத்தான். அதில் சேர்த்துக் கட்டிய மரங்களும் இல்லை, கயிறும் இல்லை.

இங்கேயோ, 2004-ம் வருஷத்து ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. காசிமேட்டு மணலில் மரங்களைக் கட்டவிழ்த்து உலர்த்தும் காட்சி அரிதாகிவிட்டது. புதிய படகில் போகிறவர்கள் பிழைப்பைத் தேடிப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆனால், எந்த மரத்தை எதனோடு சேர்ப்பது, கயிற்றை எங்கே இறுக்குவது என்ற வித்தை முதியவர்களின் கைகளிலே இருக்கிறது. அதை இப்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை உங்கள் குழந்தை இந்த வார்த்தைக்கு இரண்டு 'டி' போட்டு எழுதினால், உடனே கோபித்துக்கொள்ள வேண்டாம். பரீட்சைக்கு ஒரு 'டி' போதும் என்று சொல்லுங்கள். இன்னொன்று எங்கே போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.